பயந்தாங்கொள்ளி பிடித்த கயிறு

அம்புரோஸ் பர்னாந்துவைப் போலப் பயந்த மனிதனைத் தூத்துக்குடிக் கடற்கரை கண்டதில்லை என்று சொன்னால் அவனே மறுக்க மாட்டான். நாய்க்குப் பயம், போலீசுக்குப் பயம், இடிக்குப் பயம். சாமியார் பிரசங்கத்தில் கொஞ்சம் உரக்கப் பேசினால் அதற்கும் பயம். நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு போட வருகிறான் என்று புரளி கிளம்பியபோது ஊருக்கு முன்னால் மூட்டை கட்டி ஸ்ரீவைகுண்டத்துக்கு நடந்தவன் அவன்தான். போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்து அடுப்பு மூட்டிய பிறகும் அவன் ஆற்றங்கரை மண்டபத்திலேயே உட்கார்ந்திருந்தான். தங்கை ஞானதீபம் ஆள் அனுப்பிக் கூட்டிவர வேண்டியதாயிற்று.

இப்பேர்ப்பட்டவனுக்குக் கடலில் என்ன வேலை என்று கேட்பீர்கள். கயிறு பிடிக்கிற வேலை. சங்கு குளிக்க இறங்குகிறவன் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டிக்கொண்டு, காலில் கல்லை மாட்டி ஆழத்துக்குப் போவான். கயிற்றின் மறுமுனை வள்ளத்தில் இருப்பவன் கையில் இருக்கும். கீழே உள்ளவன் சுண்டினால் மேலே உள்ளவன் இழுக்க வேண்டும். இழுக்கத் தாமதித்தால் பிணம்தான் வரும். ஆகவே அந்த முனையைக் கண்டவன் கையில் கொடுப்பது கிடையாது. பெண்டாட்டியோடு பிறந்தவன் கையில்தான் கொடுப்பார்கள். கூடப்பிறந்த தம்பிகூடப் பங்குக்கு ஆசைப்பட்டுக் கொஞ்சம் அசந்துவிடலாம். மச்சான் அசர மாட்டான், தங்கச்சி தாலி அறுவதைப் பார்க்க எந்த அண்ணனுக்கு மனசு வரும் என்பது அவர்கள் கணக்கு. பரதவர் வள்ளமானாலும் முஸ்லிம் சோனகர் வள்ளமானாலும் இதுதான் வழக்கம்.

ஞானதீபத்தின் புருஷன் கஸ்பார் ஆறடி ஆள். பயம் என்பது அவன் இருந்த தெருப்பக்கமே வந்ததில்லை. கீழே சங்கைக் கண்டுவிட்டால் மேலே ஒரு உலகம் இருப்பதையே மறந்துவிடுவான். மச்சான்காரனுக்கோ அவன் தலை தண்ணீருக்குள் மறைந்த நொடியிலேயே வயிற்றைக் கலக்கத் தொடங்கிவிடும். அந்தப் பயத்தில் அம்புரோஸ் தனக்கென்று ஒரு முறை வைத்திருந்தான். கஸ்பார் முங்கியதும் தானும் மூச்சை அடக்குவான். அவனுடையது சின்ன மூச்சு, சீக்கிரம் முட்டிவிடும். விட்டுவிட்டு இன்னொன்று பிடிப்பான். அந்த இரண்டாவது மூச்சும் முட்டினால், கயிறு சுண்டினாலும் சுண்டாவிட்டாலும் இழுத்துவிடுவான்.

மற்ற வள்ளத்துக்காரர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். கஸ்பாரும் கல்யாணமான புதிதில் கோபப்பட்டான். கையெட்டும் தூரத்தில் சங்கு கிடக்க, தூண்டில் மீனைப் போல வெடுக்கென்று மேலே போவது யாருக்குப் பிடிக்கும். போகப்போக அவனுக்கு அது பழகிவிட்டது. பழகியது மட்டுமல்ல, தன் மூச்சைத் தானே கவனிப்பதையும் விட்டுவிட்டான்.

"நான் கீழ சங்கைப் பாக்குதேன். மூச்சை மச்சான் பாத்துக்கிடுவான்" என்பான்.

இப்படித்தான் அந்த வீட்டில் அடுப்பெரிந்துகொண்டிருந்தது. ஜப்பான்காரனோடு சண்டை வந்தது. ரங்கூன் அரிசி நின்றது. கடலில் இங்கே போகாதே, அங்கே போகாதே என்று பட்டாளத்தார் எல்லை போட்டார்கள், சங்குக் குளிப்பும் நின்றது. பனங்கிழங்கும் கேப்பையுமாக நாட்கள் போயின. நாற்பத்து நாலாம் வருஷம், முத்தையாபுரத்துக்குத் தெற்கே கடலோரம் பட்டாளத்துக் கூடாரங்கள் முளைத்தன. குளிக்கிற ஆட்கள் வேண்டும், வருகிறவன் வீட்டுக்கு அரிசி உண்டு என்று தமுக்கடித்தார்கள். அரிசி என்ற சொல்லைக் கேட்ட பிறகு யார் வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். கஸ்பார் முதல் ஆளாகப் போனான். அவன் போனால் கயிறும் போக வேண்டும், அம்புரோசும் போனான்.

கூடாரத்துக்குப் பெரியவர் ஒரு வெள்ளைக்கார டாக்டர். சின்ன வயசு, தூங்காத கண், மெதுவான பேச்சு. அவர் பேசுவதைத் தமிழில் சொல்ல காசிலிங்கம் என்ற கம்பவுண்டர் இருந்தார், உடன்குடிப் பக்கத்துப் பனங்காட்டுக்காரர். முதல் சில நாட்கள் வெறும் குளிப்புத்தான். கரைக்குச் சற்றுத் தள்ளி ஒரு பழைய இரும்புப் படகை மூழ்கடித்து வைத்திருந்தார்கள். கனத்த இரும்புத் தகட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கி, அந்தப் படகின் அடிவயிற்றில் கொக்கியால் மாட்டிவிட்டு வர வேண்டும். எதிரி கப்பலுக்கு வெடி வைக்கிற வேலைக்கு அது ஒத்திகை என்று வள்ளத்தில் பேசிக்கொண்டார்கள். டாக்டர் கையில் கடிகாரத்தோடு அதே வள்ளத்தில் உட்கார்ந்திருந்தார்.

பிறகு ஒருநாள் காசிலிங்கம் எல்லாரையும் கூட்டி வைத்து ஒரு வெள்ளை மாத்திரையைக் காட்டினார்.

"இது துரைமாரு நாட்டுல ஆகாயக் கப்பல் ஓட்டுறவனுக்குக் குடுக்குற மருந்து. முழுங்கினா உறக்கம் வராது, பசிக்காது, உடம்பு அசராது. பயமும் வராது. நாளையிலேருந்து குளிக்கிறவன் எல்லாரும் இதை முழுங்கிட்டுத்தான் இறங்கணும். விருப்பம் இல்லாதவன் போலாம், யாரும் தடுக்க மாட்டாவ. அரிசி மட்டும் கிடையாது."

கஸ்பார் சிரித்துக்கொண்டு பெருவிரலை மையில் தோய்த்துக் காகிதத்தில் உருட்டினான். அவன் பின்னால் காயல்பட்டினத்துப் பீர் முகம்மதுவும் மற்றவர்களும் உருட்டினார்கள். விருப்பம் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். குழந்தை குட்டி பட்டினி கிடக்கிறவனிடம் போய் விருப்பமா என்று கேட்டால் அவன் வேறு என்ன சொல்லுவான்.

அம்புரோசுக்கு அந்த மாத்திரையைப் பார்த்ததும் நாக்கு வறண்டுவிட்டது. கூட்டம் கலைந்ததும் காசிலிங்கத்தின் பின்னாலேயே நடந்தான்.

"அண்ணாச்சி, இதைத் தின்னா ஒண்ணும் ஆவாதுல்லா?"

காசிலிங்கம் சுற்றும் முற்றும் பார்த்தார். "எனக்கு என்ன வே தெரியும். முன்னால கூடாரம் போட்டிருந்த கரையில ஒருத்தன் முழுங்கிட்டுச் சிரிச்சிக்கிட்டே இறங்கினான். பொறவு வரல. டாக்டரு நல்ல மனுசன்தான், ஒருத்தன் போனாலும் பட்டாளத்துல ஆயிரம் பேரு பொழைப்பான்னு சொல்லுதாரு. நான் சொன்னேன்னு வெளிய சொல்லிராத."

இதைக் கேட்ட பிறகு அவனுக்குச் சோறு இறங்குமா. நேரே தங்கை வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினான். அப்போது வீட்டில் கஸ்பார் இல்லை. ஞானதீபம் அடுப்படியில் நின்றபடியே கேட்டாள். அவள் அண்ணனைப் போல இல்லை, நிதானமானவள். ஆனாலும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"வேண்டாம்னு சொன்னா அவிய கேக்க மாட்டாவ. உன்கிட்டதான் சொல்ல முடியும், அண்ணன். அந்த மாத்திரை அவிய வயித்துக்குள்ள போவக்கூடாது."

"நான் எப்படிளா தடுப்பேன்? அங்கன டாக்டரு கண்ணு முன்னால..."

"தண்ணி உன் கையாலதானே குடிப்பாவ?"

அதுவும் ஒரு வழக்கம். இறங்குமுன் மச்சான் கையால் ஒரு மடக்குத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் குளிக்கிறவன் கல்லில் கால் வைப்பான். டாக்டர் அதைத் தடுக்கவில்லை. மாத்திரையையும் அந்தத் தண்ணீரோடு மச்சான்களே கொடுக்கட்டும் என்று விட்டுவிட்டார். வாயைத் திறந்து காட்டினால் போதும் என்றார்.

மறுநாள் காலையில் அம்புரோஸ் உப்பளத்து வழியாக நடந்தான். மாத்திரை அளவுக்கு ஒரு உப்புக்கல்லைத் தேடி எடுத்து, மூலைகளைத் தேய்த்து, விரலிடுக்கில் வைத்துக்கொண்டான். வள்ளத்தில் காசிலிங்கம் அவன் கையில் மாத்திரையைக் கொடுத்தார். அவன் உப்புக்கல்லைக் கஸ்பார் நாக்கில் வைத்துத் தண்ணீரை ஊற்றினான். கஸ்பார் முகத்தைச் சுளித்து, "வெள்ளைக்காரன் மருந்தும் உப்பாத்தான் கரிக்கி" என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்து காட்டினான்.

அதுவரை சரிதான். டாக்டருக்கு என்ன தோன்றியதோ, அம்புரோஸ் கையைக் காட்டச் சொன்னார். இடுப்பில் ஒரு கோவணம், தலையில் ஒரு துண்டு, ஒளித்து வைக்க இடமே கிடையாது. கடலில் எறிந்தால் தெரிந்துவிடும். பட்டாளத்து மருந்தைத் திருடினான் என்று விலங்கு மாட்டி இழுத்துப் போகிற காட்சி அவன் கண் முன்னால் ஓடியது. தும்முகிறவன் போல முகத்தைப் பொத்தி மாத்திரையை வாய்க்குள் தள்ளி விழுங்கிவிட்டான். பிறகு இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான்.

செத்தோம் என்று நினைத்துக்கொண்டுதான் கயிற்றைப் பிடித்தான். ஆனாலும் உள்ளுக்குள் சின்னதாக ஒரு நிம்மதி. சாவு வந்தாலும் தனக்குத்தான், தங்கச்சி புருஷனுக்கு இல்லை. முதல் முங்கு வழக்கம்போல முடிந்தது. அடுத்ததும் அப்படியே. மூச்சைப் பிடித்தான், முட்டியது, விட்டான், பிடித்தான், இழுத்தான்.

வெயில் ஏறியது. நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. வாய் உலர்ந்தது. சாவு இப்படித்தான் வரும் போலிருக்கிறது என்று மாதாவை நினைத்துக்கொண்டான். வந்தது சாவு இல்லை. கண்ணில் கடல் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. அலையில் விழுந்த வெளிச்சம் அழகாக இருந்தது. உடம்பு லேசாகிவிட்டது. பிறந்த நாள் முதல் வயிற்றில் கிடந்த கனத்தை யாரோ எடுத்து வெளியே வைத்துவிட்டார்கள். டாக்டரைப் பார்த்தான், பயமாக இல்லை. கரையில் துப்பாக்கியோடு நின்ற சிப்பாயைப் பார்த்தான், அவனும் ஒரு ஆள்தானே என்றிருந்தது. மற்றவர்கள் எல்லாரும் இப்படித்தான் இத்தனை நாளும் வாழ்ந்துகொண்டிருந்தார்களா என்று நினைத்தபோது அவனுக்கு அழுகைகூட வந்தது.

பேச ஆரம்பித்தான். வள்ளத்தில் வாய் திறந்தறியாதவன், சந்தைக்காரி தோற்றாள், அப்படிப் பேசினான். நாற்பத்திரண்டில் ஸ்ரீவைகுண்டத்துக்கு ஓடிய கதையைத் தானே கேலி செய்து காசிலிங்கத்திடம் சொன்னான். காசிலிங்கம் சிரித்தார். கஸ்பார் தகட்டோடு மறுபடி இறங்கினான். அம்புரோஸ் மூச்சைப் பிடிக்கவில்லை. பேசுகிறவன் எப்படி மூச்சைப் பிடிப்பான்.

கயிறு சுண்டியது. அவனுக்கு அது நன்றாகத் தெரிந்தது. கையில் உணர்ந்தான். சுண்டுகிறான், இழுக்க வேண்டும் என்று மனசு சொன்னது. கூடவே இன்னொரு எண்ணமும் வந்தது. கஸ்பார்தானே, அவனுக்கு என்ன, இந்தக் கதையை முடித்துவிட்டு இழுக்கலாம். கயிறு மறுபடி சுண்டியது, இந்த முறை லேசாக. அவன் கதையில், மண்டபத்தில் குரங்கு மூட்டையைத் தூக்கிப் போன இடத்துக்கு வந்திருந்தான்.

அடுத்த முறைக்காகக் காத்திருந்த பீர் முகம்மது கயிற்றைப் பார்த்தான். அது அசையாமல் தொங்கியது. அம்புரோசைத் தள்ளிவிட்டுக் கயிற்றைப் பிடுங்கி இழுத்தான். அவனுடைய மச்சானும் கூடச் சேர்ந்தான். கஸ்பார் வந்தபோது உதடு நீலம் பாரித்து, மூக்கிலும் இடது காதிலும் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. குப்புறப் போட்டு முதுகை அமுக்கினார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தண்ணீரைக் கக்கி மூச்சு விட்டான்.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துக் காசிலிங்கத்திடம் என்னவோ சொன்னார். அவர் முகம் மலர்ந்திருந்தது.

"இத்தனை நாள்ல இவ்வளவு நேரம் யாரும் கீழ இருந்ததில்லையாம்" என்றார் காசிலிங்கம். "மாத்திரை வேலை செய்யுதுன்னு சொல்லுதாரு. நாளைக்கு எல்லாருக்கும் ரெண்டு."

அம்புரோஸ் அதையும் சிரித்த முகத்தோடுதான் கேட்டான். அன்றைக்கு அவன் பட்ட பாட்டில் கொடுமை எது என்றால் அதுதான். தங்கை புருஷன் காதில் ரத்தத்தோடு காலடியில் கிடந்தான். அதைப் பார்த்துக்கொண்டு இவன் நெஞ்சில் ஒரு துளி நடுக்கம்கூட இல்லாமல் நின்றான்.

பொழுது சாயும் நேரத்தில்தான் பயம் திரும்பியது. ஒவ்வொன்றாக வரவில்லை, விட்டுப்போனது எல்லாம் வட்டியோடு வந்தது. கடற்கரை மணலில் நடந்துகொண்டிருந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். கையைப் பார்த்தான். அந்த இரண்டு சுண்டும் இன்னும் உள்ளங்கையில் இருந்தன. கஸ்பார் கீழே இருந்து கூப்பிட்டிருக்கிறான், இவன் குரங்குக் கதை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். மணலிலேயே வாந்தி எடுத்தான்.

தங்கை வீட்டுக்குப் போனபோது கஸ்பார் பாயில் படுத்திருந்தான். காதில் பஞ்சு. ஆனால் முகத்தில் பெருமை.

"கேட்டியா மச்சான், நான்தான் ரொம்ப நேரம் இருந்தேனாம். மருந்துன்னா மருந்து. நாளைக்கு ரெண்டு குடுப்பாவளாம்."

இவன் வாயை மூடிக்கொண்டால் நாளைக்கு இரண்டு மாத்திரையோடு கஸ்பார் இறங்குவான். தன் மூச்சைத் தானே பார்க்கத் தெரியாதவன், அதிலும் பயம் கெட்டுப் போய் இறங்குவான். வாயைத் திறந்தால் அண்ணன் என்ற பேரும் போய்விடும், கயிறும் போய்விடும். அம்புரோஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"நீ மருந்தே திங்கல, மாப்ள. உப்பைத்தான் குடுத்தேன். மருந்தை முழுங்கினது நான். நீ சுண்டினது எனக்குத் தெரிஞ்சுது. நான் இழுக்கல."

கஸ்பார் அவனையே பார்த்தான். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். ஞானதீபம் அண்ணன் பக்கத்தில் வந்து நின்றாள். மாத்திரை உள்ளே போகக்கூடாது என்று சொன்னதே அவள்தான், அவளுக்கும் அது நினைவிருந்தது. இருந்தும் அவள் வாயில் வந்தது வேறு.

"இனி அந்தக் கயித்தைத் தொடாத, அண்ணன்."

ஒரு அண்ணனுக்கு அதைவிடப் பெரிய அடி இருக்க முடியாது. அவன் வெளியே வந்தான்.

விடிந்ததும் கூடாரத்துக்குப் போனான். டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்றதும் காசிலிங்கம் அவன் வாயைப் பொத்தாத குறைதான்.

"சண்டைக் காலம் வே. மருந்தை மாத்தினேன்னு சொன்னா உன்னை உள்ள தூக்கிப் போட்டுருவானுவ."

"போடட்டும், அண்ணாச்சி. நீரு சொல்லும்."

டாக்டர் முன்னால் போய் நின்றான். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. காசிலிங்கம் முழுவதையும் சொன்னார். டாக்டர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவனை உட்கார வைத்தார். எப்போது ஆரம்பித்தது, நெஞ்சு எப்படி அடித்தது, பயம் இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"இல்ல துரை. ஒண்ணுமே இல்ல. அவன் செத்துருவான்னு தெரிஞ்சும் பயம் வரல."

காசிலிங்கம் அதை இங்கிலீஷில் சொன்னபோது குரல் தடுமாறியது. டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டார். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. சண்டையில் பக்கத்தில் நிற்பவன் விழுந்தாலும் கை நடுங்காத ஆள்தான் பட்டாளத்துக்கு வேண்டும் என்றார். இனிமேல் கயிறு பிடிக்கிறவர்களுக்கும் ஒவ்வொரு மாத்திரை என்றார்.

வெளியே குளிக்கிறவர்களும் மச்சான்மார்களும் வரிசையில் நின்றார்கள். காசிலிங்கம் புது உத்தரவைச் சொன்னார். அம்புரோஸ் தோளில் கிடந்த கயிற்றை எடுத்தான். தங்கை தொடக்கூடாது என்று சொல்லியும் விட்டுவர மனசில்லாமல் கொண்டு வந்திருந்தான். அதை மணலில் வைத்தான். கை நடுங்கியதில் சுருள் கலைந்து விழுந்தது.

"நான் பிடிக்க மாட்டேன்" என்றான். "அதை முழுங்கினா கயிறு கையில இருக்கும், மச்சான் இருக்க மாட்டான்."

சிப்பாய் ஒருவன் முன்னால் வந்தான். அம்புரோஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டான். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது பீர் முகம்மதுவின் மச்சான் குனிந்து தன் கயிற்றைக் கீழே வைத்துக்கொண்டிருந்தான். நேற்றைக்கு அசையாமல் தொங்கிய கயிற்றை அவன் தன் கையால் இழுத்தவன். அவனைப் பார்த்து அடுத்தவன் வைத்தான். சிப்பாய்களே கயிறு பிடிப்பார்கள் என்று டாக்டர் சொல்லிப் பார்த்தார். பீர் முகம்மது காலில் மாட்டக் கொண்டுவந்த கல்லைக் கீழே வைத்துவிட்டான். முன்பின் தெரியாதவன் கையில் உயிரைக் கொடுத்துவிட்டு யார் இறங்குவார்கள்.

அரிசி அன்றோடு நின்றது. ஊரில் பாதிப் பேர் அம்புரோசைத் திட்டினார்கள், பட்டினி கிடந்தவர்கள் திட்டத்தானே செய்வார்கள். போலீஸ் வரும் என்று அவன் நெடுநாள் கதவைச் சாத்தியே வைத்திருந்தான், யாரும் வரவில்லை. கொஞ்ச நாளில் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு வேறு கரைக்குப் போனார்கள். எந்தக் கரை என்று காசிலிங்கத்துக்கே சொல்லவில்லையாம். அந்தக் கரையில் கயிறு பிடிக்கிறவன் யாரோ என்று நினைத்து அம்புரோஸ் அடிக்கடி தூக்கம் கெட்டான்.

சண்டை முடிந்து சங்குக் குளிப்பு மறுபடி தொடங்கியது. கஸ்பாருக்கு இடது காது போனது போனதுதான். உப்புக் கதையைக் கேட்ட அன்று முதல் அவன் அம்புரோசோடு பேசவில்லை. கோயிலில் பார்த்தாலும் வேறு பக்கம் பார்த்துக்கொள்வான். ஞானதீபத்துக்கு வேறு அண்ணன் தம்பி கிடையாது. கயிறு பிடிக்க அவள் சித்தப்பா மகனைக் கஸ்பார் கூட்டிப் போகப் போகிறான் என்று பேச்சு அடிபட்டது.

வள்ளம் இறக்குகிற நாள் காலையில் அம்புரோஸ் தன் வீட்டு வாசலில் வலைக்குத் தக்கை கோத்துக்கொண்டிருந்தான். நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் கஸ்பார். தோளில் கயிறு.

"கடலுக்குப் போவணும்னு சொன்னா இப்பவும் உனக்குப் பயமா இருக்கா, மச்சான்?"

கேட்டுவிட்டு, பதிலுக்காக வலது காதைத் திருப்பிக்கொண்டான்.

"இருக்கு மாப்ள. முன்னைவிட ரொம்ப இருக்கு. இப்பவே வயித்தைக் கலக்குது."

கஸ்பார் கயிற்றைத் தோளிலிருந்து எடுத்து அவன் மடியில் போட்டான். இரண்டு பேரும் கடலுக்கு நடந்தார்கள். வள்ளத்தைத் தள்ளினார்கள். ஆழம் வந்ததும் கஸ்பார் அவன் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தான், கல்லில் காலை வைத்தான், முங்கினான்.

அம்புரோஸ் மூச்சை அடக்கினான்.